தகரத்தில் போடாத கத்தி

பாலத்தடிச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் கடைசிக் கடை என்னுடையது. கடை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நாலு கம்பு, மேலே கிடுகு, நடுவில் வைஸ் பூட்டிய ஒரு மேசை, கயிற்றில் தொங்கும் பழைய டயர்கள், சுற்றிவர அடித்த பலகை, கதவுக்கு ஒரு ஆமைப்பூட்டு. சைக்கிளுக்கு ஒட்டுப்போடுவதும் சில்லு நெளிவெடுப்பதும்தான் தொழில். ஆனால் இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் என் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் சைக்கிளுக்காக வரவில்லை. தகரத்துக்காக வந்தார்கள்.

அது ஒரு தேங்காயெண்ணெய்த் தகரம். மேல்மூடியை வெட்டி எடுத்துவிட்டு மூலையில் வைத்திருந்தேன். எங்கள் கரடியனாற்றுப் பக்கமிருந்து பட்டணத்துக்குப் போகிற ஆட்கள் இடுப்பிலும் பையிலும் இருக்கிற கத்தியை எடுத்து அதற்குள் போட்டுவிட்டுப் போவார்கள். பின்னேரம் திரும்பும்போது எடுத்துக்கொள்வார்கள். பாக்குவெட்டியைக்கூடப் போட்டுவிட்டுப் போன மனிதர்கள் இருந்தார்கள். காட்டோடும் மாட்டோடும் சீவிக்கிறவனுக்குக் கத்தி இல்லாமல் ஒரு நாள் ஓடாது. பாலத்தில் நிற்கிற ஆமிக்காரனுக்கு அது விளங்காது. யாரும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை, நாங்களே கண்டுபிடித்த வழி அது. அந்த வழியில் ஒரே ஒருநாள் பிழைவிட்டோம். விட்டது கோணாமலை மட்டுமில்லை, நானும்தான். அதனால்தான் இதை நான் சொல்கிறேன். வேறு யாரும் சொன்னால் என்னை விட்டுவிட்டுச் சொல்லிவிடுவார்கள்.

கோணாமலை செட்டிபாளையத்தான். வாவியில் வலைபோட்டுத் திரிந்தவன். எங்கள் ஊரில் புஸ்பத்தைக் கட்டி, எங்கள் பகுதி வழக்கப்படி பெண்வீட்டு வளவுக்கு வந்து இருந்தான். அடுத்த வளவு எங்களுடையது. நடுவில் ஒரு கம்பிவேலி. அவன் மாமியார் சீனிப்பிள்ளையிடம் ஐம்பது மாடு கொண்ட பட்டி இருந்தது. புஸ்பத்தின் தம்பி ஜெயந்தன் நடக்கப் பழகியதே மாட்டுவாலைப் பிடித்துக்கொண்டுதான். மீன்காரன் மாட்டுக்காரர் வீட்டுக்கு வந்தால் சும்மா விடுவார்களா.

"மச்சான், அது மாடு. கெழுத்தி இல்ல. மெல்லப் புடிங்க, முள்ளுக் குத்தாது, உதைக்கத்தான் செய்யும்" என்பான் ஜெயந்தன்.

கோணாமலையும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் உள்ளுக்குள் ரோசம் கிடந்தது. எனக்குத் தெரியும். ரோசக்காரன் சிரிக்கும்போது கண் சிரிக்காது.

சுனாமி வந்த காலையில் அவன் இங்கே பட்டியில் நின்றான். செட்டிபாளையத்தில் இருந்த தாயைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஆள் கிடைக்கவேயில்லை. மூன்றாம் நாள் போனபோது வீடு நின்ற இடத்தில் மணல்தான் கிடந்ததாம். அடுக்களை எங்கே இருந்திருக்கும் என்று கிணற்றுக் கட்டிலிருந்து எட்டுவைத்து அளந்து, கையால் தோண்டியிருக்கிறான். அடுப்புக் கல் மூன்றும் இருந்தன. கல்லுக்குக் குறுக்கே தாய் சட்டி வைக்கப் போட்டிருந்த லொறி வில்லுத் தகடும் இருந்தது. அதை உரப்பையில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வாவியைக் கடந்து வந்தான்.

"என்ன மருமகன் இரும்பு?" என்று சீனிப்பிள்ளை கேட்டாள்.

"அம்மாட அடுப்பு மாமி."

தகடு கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வருசம் கிடந்தது.

பிறகு சண்டை எங்கள் பக்கம் வந்தது. இரண்டாயிரத்து ஏழு பங்குனியில் ஊரே எழும்பி ஓடியது. மாடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் ஓடினோம். ஓடுகிற வழியில் பக்கத்தில் விழுந்த ஷெல்லில் சீனிப்பிள்ளைக்குக் காது மந்தமாகிப் போனது. திரும்பி வந்த பிறகு அந்த வளவில் எதைச் சொன்னாலும் உரத்துத்தான் சொல்லவேண்டும். அவர்கள் வீட்டில் என்ன ஆணம் என்று எங்கள் வீட்டு அடுக்களைக்குத் தெரிந்துவிடும்.

வந்து பார்த்தால் பட்டி காடேறிவிட்டது. ஐம்பதில் ஏழு மாடுதான் மாடு அடைக்கிற காலைக்குத் திரும்பி வந்தது. மிச்சத்தைத் தேடி ஜெயந்தனும் கோணாமலையும் காட்டுக்குள் போனார்கள். கொட்டுகிற மழையில் இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள். கோணாமலை இரண்டு நாள் தனியாகக் கிடந்தான். கையில் இருந்தது புஸ்பம் வெங்காயம் வெட்டுகிற கத்தி. கொடி வெட்டப் போய் முதல் வெட்டிலேயே பிடி கழன்றுவிட்டது. விறகு பிளக்க வழியில்லை, நெருப்பில்லை, கரடிக்குப் பயந்து மரத்தில் கிடந்திருக்கிறான். மூன்றாம் நாள் ஜெயந்தன் கூவிக்கூவிக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தான். ஊர் ஒரு மாதம் சிரித்தது. நானும் சிரித்தேன், ஏன் பொய் சொல்ல.

அடுத்த மாதம் அந்தத் தகட்டைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டான்.

"அண்ணன், இதுல ஒரு கத்தி வெட்ட ஏலுமா?"

"ஏன், கொல்லன் செத்தா போனான்?"

"கொல்லன் செஞ்சா அது கொல்லன்ட கத்தி. காட்டில தனிய நிண்டா என்னைக் காப்பாத்துற சாமான். நானே செய்ய வேணும்."

"வில்லுத் தகடு அரத்துக்குப் பிடிகுடாது மனிசா. வழுக்கும்."

"ஒருக்கா உரசிப் பாருங்க."

உரசினேன். அரம் கடித்தது. பத்து இருபது வருசம் தாய்க்காரி அதன் மேல் சோறு வடித்து, ஆணம் காய்ச்சி, சூட்டிலேயே வைத்து இரும்பை இளக்கிவிட்டிருந்தாள். எங்களுக்குக் கொல்லன் உலை தேவைப்படவில்லை. அதைச் சொன்னதும் அவன் தகட்டைத் தடவிக்கொண்டு நின்றான்.

பதினொரு நாள் வேலை. பால் கறந்து கொடுத்துவிட்டுப் பத்துமணிபோல வருவான். சோக்கால் தகட்டில் கீறினான். நான் காட்டுக்கத்தி மாதிரி வளைத்துக் கீறச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. அலகு மீன் வெட்டுகிற கத்தியின் அலகு. முதுகு மட்டும் தடிப்பாக, விறகில் வைத்து மேலே கட்டையால் அடித்தால் தாங்குகிற முதுகு. ஒரு சாணும் நாலு விரலும் நீளம். இரும்பு பிடிக்குள்ளும் முழுநீளத்துக்குப் போகவேண்டும் என்றான்.

"புடி கழண்டாலும் கத்தி கையில நிக்கும் அண்ணன்."

"பட்டவன் கதைக்கிறான், கேக்கத்தான் வேணும்" என்றேன்.

தகட்டில் பாதியை இரும்பு அறுக்கிற வாளால் அரிந்தெடுத்தோம். மற்றப் பாதியை என் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டேன். அரத்தால் உரசி உரசி அவன் உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. பிறகு சிரட்டைக் கரியில் நெருப்பு மூட்டி, சைக்கிள் பம்பால் காற்றடித்துச் சிவக்கவைத்தோம். எவ்வளவு சிவந்தால் சரி என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. பழைய டைனமோ ஒன்றை உடைத்துக் காந்தத்தை எடுத்துக் கம்பியில் கட்டிக் காட்டினேன். சூடு சரியாக ஏறினால் காந்தம் இரும்பைப் பிடிக்காது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். பிடிக்காமல் விட்டதும் எண்ணெய்க்குள் இறக்கினான். புகை வந்து கடையே மறைந்தது. பிறகு வறுத்த மணலில் வைத்து, அலகு வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் எடுத்தான். பிடிக்கு முதிரைக் கட்டை. ஆணிக்குச் சைக்கிள் சில்லுக் கம்பியை வெட்டி அடித்தோம். பழைய டயரில் உறை வெட்டி, வலை பின்னுகிற தங்கூசி நூலால் தைத்தான். தையல் மட்டும் வலைக்காரன் தையல், அவ்வளவு நேர்த்தி.

முதல் வெட்டை முருங்கைக் கொப்பில் வெட்டினான். கொப்பு விழுந்த சத்தத்துக்குப் பிறகுதான் வெட்டியது தெரிந்தது.

"எப்பிடி?" என்றான். அன்றைக்கு அவன் கண்ணும் சிரித்தது.

அந்தக் கத்தியோடு காடேறி, ஜெயந்தனோடு சேர்ந்து இருபத்தெட்டு மாடு பிடித்துக்கொண்டு வந்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆனியில் கன்றுகளுக்குக் குறி சுட்டார்கள். எங்கள் பக்கம் ஒவ்வொரு குடிக்கும், அதாவது குலத்துக்கும், ஒரு மாட்டுக்குறி. சீனிப்பிள்ளை குடிக்கு அரைவட்டமும் அதற்கு மேல் இரண்டு கோடும். குடி தாய்வழியாகத்தான் போகும். சீனிப்பிள்ளையின் குடி புஸ்பத்துக்கு, ஜெயந்தனுக்கு, புஸ்பத்தின் இரண்டு பிள்ளைகளுக்கு. கட்டிவந்த கோணாமலைக்கு இல்லை, அவன் தன் தாயின் குடி. மீன்காரர் வீட்டில் குறி சுடுகிற கோல் எங்கே இருக்கும்? இருந்தாலும் அன்றைக்குக் கன்றுக்குச் சுட்ட அந்தச் சின்னக் குறிக்கோலைச் சூடாக்கி, கத்திப்பிடியில் ஒரு சூடு வைத்துவிட்டான்.

"என்னடாப்பா, உன்னையும் பட்டியில சேத்தாச்சா?" என்று வேலிக்கு இங்கிருந்து கேட்டேன்.

சீனிப்பிள்ளை கத்தியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது எங்கட குறியல்லோ மருமகன். உங்களுக்குச் செல்லாதே."

"மாடு துலைஞ்சாக் குறியப் பாத்துத்தானே மாமி கொண்டுவந்து விடுறாங்க. நான் துலைஞ்சாலும் ஆரும் கொண்டுவந்து விடட்டும்."

அவளுக்குக் கேட்கவில்லை. ஜெயந்தன் காதுக்குப் பக்கத்தில் போய் உரத்துச் சொன்னான். அவள் சிரித்துவிட்டுக் கத்தியைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காட்டோரம் மாட்டோடு தங்குகிற மாட்டுவாடியிலிருந்து ஜெயந்தனும் கோணாமலையும் நேரே வந்தார்கள். கோணாமலையின் சைக்கிளில் தயிர்ச்சட்டி. அதனால் அவனுடைய உடுப்புப் பையும் ஜெயந்தனின் சைக்கிளில்தான் கட்டியிருந்தது. எனக்கும் அன்றைக்குப் பட்டணத்தில் டியூப் வாங்க வேண்டியிருந்தது. கடையைப் பூட்டிக்கொண்டு றோட்டில் நின்றேன்.

"அண்ணன், கத்தி பையில கிடக்கு. தகரத்தில போட்டுட்டு வாறன்" என்றான் கோணாமலை.

ஆமைப்பூட்டின் திறப்பு, அதுதான் சாவி, என் இடுப்பில் இருந்தது. பூட்டு மழையில் இறுகிக் கிடந்தது, திறக்கப் பத்து நிமிசம் மல்லுக்கட்ட வேண்டும். எட்டு மணிக்கு முன்னால் வரிசைக்குப் போகாவிட்டால் மத்தியானம் வரை நிற்கவேண்டி வரும். எனக்கு அலுப்பு. வேறொன்றுமில்லை, வெறும் அலுப்பு.

"விடு. அடியில சாரத்துக்குள்ள சுத்திக் கிடக்கட்டும். இண்டைக்கு நிக்கிறவன் தெரிஞ்சவன், உன்னட்டத் தயிர் வாங்கித் தின்னுறவன்" என்றேன்.

அன்றைக்கு நின்றவர்கள் எல்லாரும் புதுமுகம். வரிசையில் முதல் ஜெயந்தன், அடுத்தது கோணாமலை, மூன்றாவது நான். ஜெயந்தனின் சைக்கிளில் கட்டியிருந்த பையைக் கொட்டினார்கள். சுற்றியிருந்த சாரத்துணி அவிழ்ந்து கத்தி சிமெந்தில் விழுந்தது. ஆமிக்காரரில் பெரியவன் ஒருவன் வந்து எடுத்தான். உறையைக் கழற்றி அலகைப் பார்த்தான். பிறகு பிடியைப் பார்த்தான். குறியில் பெருவிரலை வைத்துத் தடவினான்.

"இது என்ன மார்க்? எந்த இயக்கம்?"

"சேர், அது மாட்டுக்..." என்று ஜெயந்தன் தொடங்கினான். பெரியவன் கையைக் காட்டி நிறுத்திவிட்டுக் கோணாமலையிடம் திரும்பினான்.

"கத்தி உன்னோடதா?"

"இல்ல சேர்."

"மார்க் யாரோடது?"

"அது இவங்கட குடும்பக் குறி சேர். எனக்கு அந்தக் குறி இல்ல. நான் கடற்கரையான், செட்டிபாளையம். அடையாள அட்டையில இருக்கு, பாருங்க."

அவன் சொன்னதில் முதல் வார்த்தைதான் பொய். மிச்சமெல்லாம் சத்தியமான உண்மை. அந்த உண்மைகள்தான் ஜெயந்தனை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தன. ஜெயந்தன் பின்னால் கிறுகிக் கோணாமலையை ஒருதரம் பார்த்தான். பிறகு முன்னால் திரும்பி, "ஓம் சேர், என்ட கத்தி" என்றான்.

பெரியவன் என்னைப் பார்த்தான். "நீ?"

"நான் சைக்கிள்கடை சேர். இவங்களைப் பழக்கம், அவ்வளவுதான்."

அதை என் வாய்தான் சொன்னது. அந்தக் கத்தியின் ஆணி மூன்றும் என் கடையில், என் சுத்தியலால் அடித்தவை.

ஜெயந்தனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். எங்களைப் போகச் சொன்னார்கள். போனோம். திரும்பி ஊருக்குப் போனால் சந்தேகப்படுவார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு பட்டணத்துக்கே போனோம். நான் டியூப் வாங்கினேன். அவன் தயிர் விற்றான். வெட்கங்கெட்ட சனியன்கள், ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து தேத்தண்ணியும் குடித்தோம்.

வீட்டுக்கு வந்து கோணாமலை சொன்னது இதுதான்: "தம்பி என்ட கத்திய எடுத்துப் பையில வைச்சிருந்திருக்கிறான். எனக்குத் தெரியாது. புடிச்சிட்டாங்க."

புஸ்பம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகிறதிலும் தம்பியைத்தான் ஏசினாள். "மச்சான்ட சாமானத் தொடாத தொடாதேண்டு எத்தின தரம் சொன்னன். அந்தக் கத்தியில அவனுக்கு ஒரு கண். எங்கட குடும்பத்தக் கொண்டுபோய் நெருப்பில வைச்சிட்டானே."

பிறகு வேலிக்கருகில் வந்து நின்றாள். "அண்ணன், நீங்களும் நிண்டீங்களே. என்ன நடந்தது?"

கோணாமலை அவளுக்குப் பின்னால், மாட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டியடியில் நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

"கனசனம் நிண்டது புள்ள. எனக்குச் சரியாக் கேக்கல்ல" என்றேன்.

ஜெயந்தன் எந்த ஆமிக் காம்பில் என்று கண்டுபிடிக்க ஒன்றரை மாதம் போனது. சீனிப்பிள்ளை பொரிமா இடித்துப் போத்தலில் அடைத்துக்கொண்டு மாதம் ஒருதரம் பார்க்கப் போனாள். புஸ்பம் கோபத்தில் முதல் இரண்டு முறையும் போகவில்லை. கோணாமலை ஒருமுறையும் போகவில்லை. மாடு பார்க்க ஆளில்லை என்றான். காட்டுக்கு வெறுங்கையோடு போனான். கொடியைக் கையால் பிய்த்து, முள்ளில் கிழிந்து, இரத்தக் கோடுகளோடு வருவான். "ஒரு கத்தி வாங்குங்களேன்" என்று புஸ்பம் சொன்னால் கேட்காத மாதிரி இருந்துவிடுவான்.

தை மாதம் ஒருநாள் கடைக்கு வந்தான். சைக்கிளில் ஒரு குறையும் இல்லை. தகரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"அண்ணன், பாலத்தில நான் சொன்னத நீங்க கேட்டீங்கதானே?"

"கேட்டன்."

"மறுகா ஏன் புஸ்பத்துக்குச் சொல்லல்ல?"

"நீ ஏன் சொல்லல்ல?"

"பயமா இருந்திச்சு."

"பாலத்தில பயம். சரி. வீட்ட என்ன பயம்?"

அவன் குனிந்துகொண்டான். "வீட்டதான் கூடப் பயம். அது அவங்கட குறி, என்ட இல்ல எண்டு பாலத்தில சொல்லிட்டன். நான் ஆர் எண்டு வீட்ட எப்பிடிச் சொல்ற? கல்யாணம் முடிச்சுப் பதினாலு வருசம். இப்பதான் அந்த வளவில ஒரு மனிசனா நிண்டன்."

நான் சில்லைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாட அடுப்புத் தகடு அண்ணன் அது. கடலே விட்டுட்டுப் போன சாமான். அதை என்ட இல்ல எண்டு சொல்லிட்டன்." அழுதான். ஆம்பிளை அழுகிறதைப் பார்க்க எனக்கும் வெட்கமாக இருந்தது. ஆறுதல் சொல்ல எனக்கென்ன யோக்கியதை? திறப்பு என் இடுப்பிலதான் கிடந்தது என்று மட்டும் சொன்னேன்.

சண்டை முடிந்ததென்று ரேடியோ சொல்லி ஒரு மாதத்தால் ஜெயந்தனை விட்டார்கள். எட்டு மாதம். பாதி ஆளாக வந்தான். இடது கைவிரல் இரண்டு மடங்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் சீனிப்பிள்ளை விரால்மீன் ஆணமும் முருங்கையிலைச் சுண்டலும் ஆக்கி, கெட்டித் தயிரும் வைத்தாள். எங்களையும் கூப்பிட்டாள். பந்தியில் ஜெயந்தனும் கோணாமலையும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். பாலத்து வரிசை மாதிரியே இருந்தது.

சீனிப்பிள்ளை தயிரை ஊற்றிக்கொண்டே, காது கேட்காதவர்களின் உரத்த குரலில் சொன்னாள். "மனே, மச்சானக் கேக்காம அவர்ட கத்தியத் தொட்டுத்தானே இவ்வளவும் வந்தது. அந்த மனிசன் எட்டு மாதம் வெறுங்கையோட காடளந்திருக்கிறார், ஒரு சொல்லுச் சொல்லல்ல. பிழைதான் எண்டு அவருக்கு ஒரு சொல்லுச் சொல்லு. சொல்லிட்டுத் தின்னு."

ஜெயந்தனின் கை சோற்றில் நின்றது. நான் கோணாமலையைப் பார்த்தேன். இப்போது சொல்லுவான் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் சொல்லுவேன் என்று அவன் நினைத்திருப்பான்.

"பிழைதான் மச்சான்" என்றான் ஜெயந்தன். "கேக்காம எடுத்திட்டன்."

"ஆ?" என்றாள் சீனிப்பிள்ளை.

"பிழைதான் எண்டு சொல்லிட்டன் அம்மா" என்று அவன் உரத்துச் சொன்னான்.

கோணாமலை சோற்றுக் கோப்பைக்குள்ளேயே கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனான். விரால் துண்டு அப்படியே கிடந்தது.

அடுத்தநாள் காலை ஜெயந்தன் கடைக்கு வந்தான். சுற்றிவரப் பார்த்துவிட்டு மேசைக்குக் கீழே குனிந்து அந்த மற்றப் பாதித் தகட்டை இழுத்தெடுத்தான்.

"இதுல ஒண்டு வெட்டுவம் அண்ணன்."

"உனக்கா?"

"மச்சானுக்கு. வெறுங்கையோட போறாராம்."

ஒன்பது நாள் உரசினோம். அவனுக்கு இடது கையில் பிடி இல்லாததால் தகட்டை நான் பிடிப்பேன். வேலையில் இருக்கும்போது ஆள் பேசுவான், மற்ற நேரம் பேசமாட்டான்.

"கடதாசி தந்து அந்தக் குறியக் கீறச் சொல்லுவாங்க. கீறுவன். எந்த இயக்கத்துக் குறி எண்டு கேப்பாங்க. மாட்டுக்குறி எண்டு சொல்லுவன். மறுகா அடி. மறுகாக் கீறு."

"மச்சான்ட பேரச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்னை விட்டுருப்பாங்களா? ரெண்டு பேரும் கிடந்திருப்பம். ஒரு ஆள் கிடந்தாப் போதும் எண்டு நினைச்சன்."

"அப்ப அவனில உனக்குக் கோவம் இல்லையா?"

அவன் அரத்தை நிறுத்தினான். "ஏன் இல்ல? பாலத்தில சொன்னதுக்கு இல்ல அண்ணன். பயந்தா ஆரும் சொல்லும். அம்மா பாக்க வந்த முதல் நாள், கம்பிக்கு அங்கால நிண்டு கத்தினா. மச்சான்ட சாமானக் களவெடுத்தியேடா எண்டு. அவக்குத்தான் காது கேக்காதே, காம்புக்கே கேட்டது. காவலுக்கு நிண்டவனும் சிரிச்சான். அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும், வீட்ட என்ன கதை போயிருக்குதெண்டு." பிறகு என்னைப் பார்க்காமல், "நீங்க மூண்டாவதா நிண்டீங்க" என்றான்.

"ஓம்" என்றேன். தகட்டைத் திருப்பிப் பிடித்தேன்.

ஒன்பதாம் நாள் வீட்டிலிருந்து அந்தச் சின்னக் குறிக்கோலைக் கொண்டுவந்தான். கரியில் வைத்துச் சிவக்கவைத்து, புதுப்பிடியில் சுட்டான். அரைவட்டம், மேலே இரண்டு கோடு. முதிரை கருகிய மணம் கடையில் நின்றது.

"இனியும் அந்தக் குறியா?" என்றேன்.

"துலைஞ்சா ஆரும் கொண்டுவந்து விடட்டும் எண்டு அவர்தானே சொன்னார். மச்சானக் கூப்பிடுங்க."

கோணாமலை வந்தான். கடைக்குள் ஏறாமல் வெயிலில் நின்றான். ஜெயந்தன் கத்தியைப் பிடிப்பக்கமாக நீட்டினான்.

"புடிங்க மச்சான்."

கோணாமலை பிடிக்கவில்லை. குறியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆரும் கேட்டா ஆர்ட கத்தி எண்டு சொல்லுவீங்க?"

றோட்டால் ஒரு உழவு மெசின் போய் முடிந்தது. தூசி அடங்கியது.

"என்ட" என்றான் கோணாமலை.

"இப்ப பாலத்தில ஆரும் கேக்கிறல்ல. வீட்ட போய்ச் சொல்லுங்க."

அவன் கத்தியை வாங்கிக்கொண்டு நடந்தான். நான் கடையைப் பூட்டினேன். பத்தரை மணிக்குக் கடை பூட்டியது அந்த எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான். அவனுக்குப் பின்னால் போனேன். ஜெயந்தன் வரவில்லை, கடை வாசலிலேயே இருந்துகொண்டான்.

புஸ்பம் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கோணாமலை அவளுக்கு முன்னால் நின்று சொன்னான். கத்தியைப் பையில் வைத்தது தான் என்று. தம்பி தொடவில்லை என்று. என்ட இல்ல என்று சொன்னது தான் என்று. சொல்லி முடிக்கிறவரை அவள் தலை நிமிரவில்லை. திரளி மீனொன்றின் செதில் பாதியில் நின்றது.

"அண்ணன்" என்று என்னைக் கூப்பிட்டாள். "அண்டைக்கு வேலியில நிண்டு கேட்டன். சரியாக் கேக்கல்ல எண்டீங்க."

"கேட்டது புள்ள. எல்லாம் கேட்டது."

அவள் எழும்பிக் கையைக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். "ரெண்டு மாதம் என்ட தம்பியப் பாக்கப் போகாம இருந்தன்" என்றாள். எங்களுக்கு இல்லை, தண்ணி வாளிக்குச் சொன்ன மாதிரிச் சொன்னாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்குச் சொன்னது காணாது. அம்மாட்டச் சொல்லுங்க. உரத்துச் சொல்லுங்க, அவக்குக் கேக்காது" என்றாள்.

சீனிப்பிள்ளை வேப்பமரத்துக்குக் கீழே தயிர்ச்சட்டிகளுக்கு வாழையிலை கட்டிக்கொண்டிருந்தாள். மற்றப் பக்கத்து வளவுக் கிணற்றில் இரண்டு பெண்கள் தண்ணி அள்ளினார்கள். ஒருவன் வேலி கட்டிக்கொண்டிருந்தான். கோணாமலை போய்க் குந்தி மெதுவாக ஏதோ சொன்னான்.

"ஆ?" என்றாள். கையைக் காதுக்குப் பின்னால் வைத்தாள். "உரத்துச் சொல்லுங்க மருமகன்."

"கத்தி என்ட மாமி."

"ஓம், உங்கடதானே. அதுக்கென்ன?"

கோணாமலை எழும்பி நின்றான். கழுத்து நரம்பு தெரியக் கத்தினான். "ஜெயந்தன் எடுக்கல்ல மாமி. நான்தான் வைச்சன். ஆமிக்காரன் கேக்க, என்ட இல்ல, இவன்ட எண்டு நான்தான் சொன்னன்."

மற்றப் பக்கத்து வளவில் வாளிக் கயிறு நின்றது. வேலி கட்டியவன் கம்பைப் பிடித்தபடி பார்த்தான். சீனிப்பிள்ளை கோணாமலையின் முகத்தையே பார்த்தாள். கேட்டதா கேட்கவில்லையா என்று தெரியவில்லை. பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"இவர் என்ன சொல்றார்? நீங்களும் நிண்டீங்கதானே, நீங்க சொல்லுங்க."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, என் இடுப்பில் கிடந்த திறப்பிலிருந்து தொடங்கினேன்.